அறிவியல் புனைவு விளையாட்டுகளில் போர்க்கப்பல் வகைப்பாடு

அறிவியல் புனைவு சார்ந்த பாத்திரமேற்பு விளையாட்டுகளில் விண்வெளிப் போர்க்கப்பல்களைக் கார்வெட், பிரிகேட், டெஸ்ட்ராயர், குரூசர், பேட்டில்ஷிப், டிரெட்நாட் என்று சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தும் வழக்கம் உள்ளது. பாத்திரமேற்பு விளையாட்டு என்பது மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, விதிநூலையும் தாயக்கட்டைகளையும் கொண்டு ஒரு கதையை நடத்திச் செல்வது. விண்கப்பல் வகைப்பாடு 1970களின் இறுதியில் அமெரிக்க விளையாட்டு நூல்களில் விரிவான விதிகளாக எழுதப்பட்டது. பெயர்கள் அனைத்தும் கடற்படைகளிடமிருந்து பெறப்பட்டவை. கடற்படைகளில் அப்பெயர்கள் முதலில் கப்பலின் பணியைக் குறித்தன. அளவைக் குறிக்கும் பொருள் பின்னால் சேர்ந்தது. பணியா, அளவா என்ற இந்த இரட்டைப் பொருள் விளையாட்டுகளிலும் தொடர்கிறது.

பெயர்களின் தோற்றம்

பாய்க்கப்பல் காலத்தில் பிரிகேட் என்பது வேவு பார்க்கவும் வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் செல்லவும் பயன்பட்ட விரைவான கப்பல். குரூசர் என்பது தாய்த் துறைமுகத்தை விட்டு நெடுந்தொலைவு தனித்துச் சென்று பணியாற்றும் கப்பல். டெஸ்ட்ராயர் என்பது 1890களில் டார்பிடோ படகுகளை அழிப்பதற்காக உருவானது. தமிழ் நாளிதழ்கள் அதனை நாசகாரிக் கப்பல் என்று எழுதுகின்றன. பேட்டில்ஷிப் என்பது எதிரெதிர் வரிசைகளாக நின்று பீரங்கிப் போர் புரியும் கப்பல்களுக்கான பெயர். டிரெட்நாட் என்பது 1906-ல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த ஒரு கப்பலின் தனிப்பெயர். பத்து 12 அங்குலப் பீரங்கிகளைக் கொண்டிருந்த அக்கப்பல் முந்தைய பேட்டில்ஷிப்புகளை எல்லாம் பழையவையாக்கியது. அதன்பின் அப்பெயரே ஒரு வகையின் பெயராயிற்று.

பழந்தமிழ், வடமொழி வகைப்பாடுகள்

சங்க இலக்கியத்தில் கலம், நாவாய், வங்கம், தோணி, அம்பி, திமில், பஃறி எனப் பல பெயர்கள் வருகின்றன. இவற்றில் பலவும் பணியை ஒட்டியவை. திமில் மீனவர்களுடையது. பட்டினப்பாலையில் பஃறி உப்பை விற்று நெல் ஏற்றி வரும் படகாகக் கூறப்படுகிறது. நாவாயும் வங்கமும் கடல் கடக்கும் பெருங்கலங்கள். இத்தனை முழம் இருந்தால்தான் இந்தப் பெயர் என்ற கணக்கு அப்பாடல்களில் இல்லை.

பொ.யு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்னும் கிரேக்க நூல் சோழமண்டலக் கடற்கரையின் கமரா, பொதுகே, சோபட்மா துறைமுகங்களில் கண்ட கலங்களைப் பிரித்துச் சொல்கிறது. கரையோரமாகச் செல்லும் உள்ளூர்க் கலங்கள், மரங்களைப் பிணைத்துக் கட்டிய 'சங்கரா' என்னும் பெருங்கலங்கள், கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் 'கொலந்தியா' என்னும் மிகப்பெரிய கலங்கள் என்பன அவை. இங்கும் கலம் செல்லும் தொலைவும் அதன் அளவும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. முதலாம் ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டு ஸ்ரீவிஜயப் படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தி பல கலங்கள் அனுப்பப்பட்டதைச் சொல்கிறது. வென்ற ஊர்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிடும் அதில் கலங்களின் வகையோ எண்ணிக்கையோ குறிக்கப்படவில்லை.

அளவை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட விரிவான இந்தியப் பட்டியல் 'யுக்திகல்பதரு' என்னும் வடமொழி நூலில் உள்ளது. 11-ஆம் நூற்றாண்டில் தாரா நகரை ஆண்ட போஜனின் பெயரால் வழங்கும் நூல் இது. 1912-ல் வெளியான ராதாகுமுத் முகர்ஜியின் இந்தியக் கப்பல் வரலாற்று நூல் இப்பட்டியலைப் பரவலாக அறியச் செய்தது. பொதுவகைக் கப்பல்கள் இதில் பத்தாகப் பிரிக்கப்படுகின்றன. மிகச் சிறியதான 'க்ஷுத்ரா' 16 முழ நீளமும் 4 முழ அகலமும் 4 முழ உயரமும் கொண்டது. மிகப் பெரியதான 'மந்தரா' 120 முழ நீளமும் 60 முழ அகலமும் 60 முழ உயரமும் கொண்டது. நீளத்தில் மந்தரா ஏழரை மடங்குதான் பெரியது. மூன்று அளவுகளையும் பெருக்கினால் வரும் கனஅளவில் அது 1,687 மடங்கு பெரியது. எந்த அளவைக் கொண்டு வரிசைப்படுத்துவது என்ற கேள்வி பின்னாளில் விளையாட்டு நூல்களிலும் எழுந்தது.

இதே நூல் அறைகளின் அமைப்பைக் கொண்டும் கப்பல்களை மூன்றாகப் பிரிக்கிறது. முன்பகுதியில் அறை கொண்ட 'அக்ரமந்திரா' நெடும்பயணத்துக்கும் கடற்போருக்கும் உரியதாகச் சொல்லப்படுகிறது. பத்து அளவு வகைகளில் எதையும் நூல் போர்க்கப்பல் என்று தனியே குறிக்கவில்லை. போருக்குரியது எது என்பதைக் கட்டமைப்பைக் கொண்டே சொல்கிறது.

பீரங்கிக் கணக்கு

பாய்க்கப்பல் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை கப்பல்களைப் பீரங்கிகளின் எண்ணிக்கையால் ஆறு தரங்களாகப் பிரித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட பீரங்கி கொண்டவை முதல் தரம். பிரிகேட்டுகள் பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் தரங்களில் அடங்கின. கப்பலுக்கு எத்தனை மாலுமிகள், தலைவருக்கு எவ்வளவு ஊதியம் என்பதும் இத்தரத்தைச் சார்ந்திருந்தது.

திருகோணமலையின் பெயரைத் தாங்கிய 'டிரிங்கோமலி' என்னும் பிரிகேட் இம்முறையின் இயல்பைக் காட்டும். தேக்கு மரத்தால் பம்பாயில் வாடியா குடும்பத்தினர் கட்டிய இக்கப்பல் 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கப்பட்டது. அதன் வடிவமைப்பு 38 பீரங்கிக் கப்பல் என்று அறியப்பட்டது. 1817-ன் தொடக்கத்தில் கரோனேட் எனப்படும் குட்டைப் பீரங்கிகளையும் எண்ணிக்கையில் சேர்க்க ஆணை வந்ததால், அதே வடிவமைப்பு 46 பீரங்கிக் கப்பலாயிற்று. 1840களில் அதன் பீரங்கிகள் குறைக்கப்பட்டு, எண்ணிக்கையில் குறைந்த ஆனால் பெரிய பீரங்கிகள் பொருத்தப்பட்டன. கப்பல் 26 பீரங்கிக் கார்வெட்டாகத் தரம் இறங்கியது. கப்பலின் உடல் பெரிதாக மாறவில்லை. தாளில் அது ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கியது. இன்று அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் காட்சிக் கப்பலாக உள்ளது.

எம்டனும் டன் கணக்கும்

நீராவியும் இரும்பும் வந்தபின் பீரங்கி எண்ணிக்கை பொருளிழந்தது. கப்பல் விலக்கும் நீரின் எடையை டன்னில் சொல்வது பொது அளவாயிற்று.

தமிழ்நாட்டு மக்கள் நேரில் கண்ட போர்க்கப்பல் வகை குரூசர். 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மனியின் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. உயர் நீதிமன்ற வளாகத்தில் குண்டு விழுந்த இடத்தில் நினைவுக் கல் உள்ளது. எம்டன் என்ற சொல் தமிழ்ப் பேச்சில் அஞ்சத்தக்க, தந்திரமான ஆளைக் குறிப்பதாக நிலைத்துவிட்டது.

எம்டன் 3,664 டன் கொண்டது. ஜெர்மன் கடற்படை அதனைச் 'சிறிய குரூசர்' என்றே வகைப்படுத்தியிருந்தது. அதன் பத்துப் பீரங்கிகளும் 10.5 செ.மீ. விட்டம் கொண்டவை. கார்ல் வான் முல்லரின் தலைமையில் அது இந்தியப் பெருங்கடலில் தனித்து உலவி, வணிகக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும் வந்தது. 1914 நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி அதனை எதிர்கொண்டது. சிட்னியும் குரூசர்தான். ஆனால் 5,400 டன்னும் எட்டு 6 அங்குலப் பீரங்கிகளும் கொண்டது. எம்டன் அன்றே அழிந்தது. ஒரே பெயர் கொண்ட இரு கப்பல்களில் பெரியதும் பெரிய பீரங்கி கொண்டதும் வென்றது. ஆனால் எம்டன் அதுவரை ஒரு பெருங்கடலையே அச்சத்தில் வைத்திருந்தது அளவினால் அல்ல, தனித்து உலவும் பணியினால்.

முதல் உலகப் போருக்குப் பின் டன் கணக்கு சட்டமாயிற்று. 1922 பிப்ரவரி 6 அன்று கையெழுத்தான வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம் பேட்டில்ஷிப்புகளுக்கு 35,000 டன்னும் 16 அங்குலப் பீரங்கியும் உச்ச வரம்பு என்றது. அதற்குக் கீழான போர்க்கப்பல்களுக்கு 10,000 டன்னும் 8 அங்குலப் பீரங்கியும் வரம்பாயின. 1930-ன் லண்டன் ஒப்பந்தம் குரூசர்களை 6.1 அங்குலத்துக்கு மேற்பட்ட பீரங்கி கொண்டவை, அதற்குட்பட்டவை என இரண்டாகப் பிரித்தது. டெஸ்ட்ராயருக்கு 1,850 டன் எல்லையாயிற்று. நாடுகள் தமக்கு ஒதுக்கப்பட்ட மொத்த டன்னுக்குள் கடற்படையைக் கட்ட வேண்டியிருந்ததால், கப்பல் எந்தப் பெயரில் அடங்குகிறது என்பது அரசியல் கேள்வியாயிற்று. இவ்வொப்பந்தங்களில் எழுதப்பட்ட படிவரிசையும் டன் எல்லையும் பின்னாளில் விளையாட்டு நூல்களில் காணப்படும் பட்டியல்களுக்கு மிக நெருக்கமானவை.

பெயர்கள் நழுவுதல்

ஒப்பந்தங்கள் காலாவதியானதும் பெயர்கள் அளவை விட்டு நழுவின. இந்தியக் கடற்படையில் இதனைக் காணலாம். 1972-ல் சேர்ந்த ஐ.என்.எஸ். நீலகிரி ஏறத்தாழ 2,900 டன் கொண்ட பிரிகேட். 2025 ஜனவரி 15 அன்று சேர்ந்த புதிய ஐ.என்.எஸ். நீலகிரியும் பிரிகேட்தான். அதன் எடை 6,670 டன். 1980 முதல் 2021 வரை பணியாற்றிய ஐ.என்.எஸ். ராஜ்புத் டெஸ்ட்ராயர் எனப்பட்டது. அதன் எடை 5,000 டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதாவது இன்றைய பிரிகேட் நேற்றைய டெஸ்ட்ராயரை விடவும், சென்னையைத் தாக்கிய குரூசரை விடவும் பெரியது.

ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா மற்றொரு சான்று. 1987-ல் 'பாக்கு' என்ற பெயரில் சோவியத் கடற்படையில் சேர்ந்தபோது அது 'விமானம் தாங்கும் கனரகக் குரூசர்' என்று பதியப்பட்டது. கருங்கடலிலிருந்து வெளியேறும் துருக்கிய நீரிணைகளில் விமானந்தாங்கிக் கப்பல்கள் செல்வதை 1936-ன் மாண்ட்ரோ உடன்படிக்கை கட்டுப்படுத்தியிருந்தது. குரூசர் என்ற பெயர் அத்தடையைத் தாண்டப் பயன்பட்டது. ஏவுகணைகள் அகற்றப்பட்டு, முழு ஓடுதளம் அமைக்கப்பட்டு, 2013 நவம்பர் 16 அன்று இந்தியக் கடற்படையில் சேர்ந்தபோது அதே உடல் விமானந்தாங்கிக் கப்பல் எனப்பட்டது. அமெரிக்கக் கடற்படையும் 1975 ஜூன் 30 அன்று ஒரே ஆணையில் பல பெரிய பிரிகேட்டுகளைக் குரூசர்களாகவும், டெஸ்ட்ராயர் எஸ்கார்ட் எனப்பட்ட காவல் கப்பல்களைப் பிரிகேட்டுகளாகவும் பெயர் மாற்றியது.

விளையாட்டு நூல்களில் இரு வழிகள்

இம்மாற்றத்துக்கு இரண்டாண்டுகளுக்குப் பின், 1977-ல் அமெரிக்காவின் கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் மார்க் மில்லர் உருவாக்கிய டிராவலர் என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் முதல் விதிகள் 100 டன் முதல் 5,000 டன் வரையான கப்பல்களுக்கு இடம் தந்தன. 1979-ல் வந்த 'ஹை கார்டு' என்னும் கடற்படை நூல் இந்த எல்லையைப் பத்து இலட்சம் டன் வரை விரித்தது.

டிராவலரின் டன் எடையைக் குறிப்பதில்லை. விண்வெளியில் கப்பல் விலக்குவதற்கு நீர் இல்லை. எரிபொருளான திரவ ஹைட்ரஜன் ஒரு டன் எவ்வளவு இடத்தை அடைக்குமோ அதுவே இங்கு ஒரு டன். திரவ ஹைட்ரஜன் மிக இலேசானது என்பதால் அது ஏறத்தாழ 14 கன மீட்டர். கடல்நீரின் ஒரு டன் ஒரு கன மீட்டருக்கும் சற்றுக் குறைவு. எனவே டிராவலரின் 400 டன் ரோந்துக் குரூசர் கடலில் வரும் 400 டன் படகைப் போன்றதன்று. அதன் கனஅளவு 5,600 கன மீட்டர். எம்டன் விலக்கிய நீரின் கனஅளவு மட்டும் ஏறத்தாழ 3,600 கன மீட்டர். நீர்மட்டத்துக்கு மேலான பகுதியையும் சேர்த்தால் இரண்டும் நெருங்கி வருகின்றன.

இதே விளையாட்டில் 800 டன் கூலிப்படைக் குரூசரும், 60,000 டன் கொண்ட 'அஜான்டி ஹை லைட்னிங்' என்னும் எல்லைக் குரூசரும் உள்ளன. சிறியதற்கும் பெரியதற்கும் 150 மடங்கு வேறுபாடு. மூன்றும் தனித்துச் சென்று பணியாற்றுபவை என்பதால் மூன்றும் குரூசர். டிராவலர் அளவை எண்ணாலும் பணியைப் பெயராலும் குறித்தது. அதன் 'டைகிரஸ்' வகை டிரெட்நாட் 5,00,000 டன் கொண்டது.

1979-ல் ஸ்டீபன் கோல் வடிவமைத்து டாஸ்க் ஃபோர்ஸ் கேம்ஸ் வெளியிட்ட ஸ்டார்ஃபயர் எதிர்வழியில் சென்றது. இது பாத்திரமேற்பு விளையாட்டு அன்று, பலகைப் போர் விளையாட்டு. அதில் எஸ்கார்ட், கார்வெட், பிரிகேட், டெஸ்ட்ராயர், இலகு குரூசர், கனரகக் குரூசர், பேட்டில்குரூசர், பேட்டில்ஷிப் என ஒவ்வொரு பெயரும் கப்பல் உடலில் உள்ள இடத்தின் அளவைக் குறித்தது. பெயரைக் கேட்டதும் எத்தனை ஆயுதங்கள் பொருந்தும் என்று ஆட்டக்காரர் அறியலாம். இவ்வழி கற்பதற்கு எளியது. பின்வந்த பல விளையாட்டுகள் இதனையே பின்பற்றின.

வெஸ்ட் எண்ட் கேம்ஸ் 1987-ல் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் பாத்திரமேற்பு விளையாட்டு பெயர்ச் சிக்கலைத் தவிர்க்க முயன்றது. அதன் பின்வந்த பதிப்புகளில் மனிதர், தரைவண்டி, நடைவண்டி, சிறு போர்விமானம், பெருங்கப்பல், டெத் ஸ்டார் என ஆறு அளவுப் படிகள் இருந்தன. மேற்படியில் உள்ளது கீழ்ப்படியைத் தாக்குவது கடினம், தாக்கினால் சேதம் மிகுதி. கீழ்ப்படியில் உள்ளது மேற்படியைத் தாக்குவது எளிது, சேதம் குறைவு. அளவு என்பதை விதிகள் இங்கு பயனாக மாற்றின.

நீளத்தை அடிப்படையாகக் கொண்ட பட்டியலும் உண்டு. ஸ்டார் வார்ஸ் போர்முறை குறித்து 2012-ல் வெளிவந்த கையேடு 100 முதல் 200 மீட்டர் வரை கார்வெட் என்றும், 5,000 மீட்டருக்கு மேல் டிரெட்நாட் என்றும் வகுத்தது. யுக்திகல்பதருவில் கண்ட சிக்கல் இங்கும் உள்ளது. ஒரே வடிவம் கொண்ட 100 மீட்டர் கப்பலும் 200 மீட்டர் கப்பலும் இப்பட்டியலில் ஒரே வகை. கனஅளவில் இரண்டாவது எட்டு மடங்கு பெரியது.

அளவின் பெயரும் ஆற்றலும்

பெயரும் அளவும் ஆற்றலும் வெவ்வேறு என்பதற்கு விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், ஏழாயிரம்பண்ணை வட்டாரப் பட்டாசுகள் நல்ல ஒப்புமை. விலைப்பட்டியலில் குருவி வெடி, லட்சுமி வெடி என்ற பெயர்களுக்கு முன் அங்குல அளவு இருக்கும். குருவி சிறியது, 4 அங்குல லட்சுமி பெரியது. அணுகுண்டு, புல்லட் பாம் என்று போர்க்கருவிகளின் பெயர்களும் பட்டியலில் உண்டு. சட்டம் பெயரையும் அங்குலத்தையும் விட்டு ஒலியை அளக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. வாங்குபவருக்குப் பெயர் போதும், கடைக்காரருக்கு அங்குலம் வேண்டும், அதிகாரிக்கு டெசிபல் வேண்டும். கப்பல் வகைப்பாட்டிலும் யார், எதற்காக வகுக்கிறார் என்பதைப் பொறுத்தே அளவுகோல் மாறுகிறது.

யூரிஸ்கோ

பெரிய கப்பலே வலிய கப்பல் என்ற எண்ணம் விளையாட்டு மேசையில் ஒருமுறை நேரடியாகச் சோதிக்கப்பட்டது. டிராவலரின் துணைநூலான 'டிரில்லியன் கிரெடிட் ஸ்குவாட்ரன்' 1981-ல் வந்தது. ஒரு இலட்சம் கோடி கிரெடிட் செலவுக்குள் ஆட்டக்காரர்கள் தத்தம் கடற்படையை வடிவமைத்து மோத வேண்டும். அவ்வாண்டு ஜூலையில் கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோவில் நடந்த போட்டியில், கணினி அறிஞர் டக்ளஸ் லெனாட் தாம் எழுதிய யூரிஸ்கோ என்னும் நிரலின் துணையுடன் கலந்துகொண்டார். நிரல் விதிகளை இரவிரவாக ஆராய்ந்து வடிவமைத்த கடற்படையில் 96 கப்பல்கள் இருந்தன. பெரும்பாலானவை விரைவு குறைந்தவை, தடித்த கவசமும் எண்ணற்ற சிறு ஆயுதங்களும் கொண்டவை. அனுபவமிக்க ஆட்டக்காரர்களின் விரைவான பெருங்கப்பல்கள் அவற்றிடம் தோற்றன. லெனாட் வென்றார்.

அடுத்த ஆண்டு விதிகள் மாற்றப்பட்டன. விரைவு குறைந்த கப்பல்கள் கடற்படையைப் பாதிக்கும்படி செய்யப்பட்டது. யூரிஸ்கோ சேதமடைந்த தன் கப்பல்களைத் தானே அழித்து எஞ்சியவற்றின் விரைவைக் காத்து, 1982-லும் வென்றது. மீண்டும் அவர் வந்தால் போட்டியையே நிறுத்திவிடுவதாக ஏற்பாட்டாளர்கள் கூறியதால் லெனாட் விலகினார்.

இவ்வெற்றிக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே கடலிலும் ஒரு சான்று கிடைத்திருந்தது. 1971 டிசம்பர் 4 இரவில் கராச்சியைத் தாக்கிய இந்தியக் கடற்படையின் ஏவுகணைப் படகுகள் ஏறத்தாழ 200 டன் கொண்டவை. அவற்றில் ஒன்றான ஐ.என்.எஸ். நிர்காட், தன்னைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரிய பாகிஸ்தானின் கைபர் டெஸ்ட்ராயரை ஏவுகணைகளால் மூழ்கடித்தது. அந்நாளே இந்தியக் கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. குரூசருக்குக் குரூசர் மோதிய கொக்கோஸ் தீவில் அளவு முடிவைத் தீர்மானித்தது. ஆயுதத்தின் தன்மையே மாறிவிட்ட கராச்சியில் அது தீர்மானிக்கவில்லை.

பயன்பாடு

அறிவியல் புனைவு விளையாட்டுகளில் இன்றும் இரு வழிகளும் நடைமுறையில் உள்ளன. பெயரை அளவோடு பிணைக்கும் விளையாட்டுகளில் ஆட்டம் விரைவாகத் தொடங்கும், கப்பல்களை ஒப்பிடுவது எளிது. பெயரைப் பணியோடு பிணைக்கும் விளையாட்டுகளில் ஒவ்வொரு உலகமும் தன் வறுமைக்கும் வளத்துக்கும் ஏற்பத் தன் குரூசரைக் கட்டலாம். ஒரு சிறு கோளின் மிகப் பெரிய கப்பல் பேரரசின் கணக்கில் கார்வெட்டாக இருக்கக்கூடும். புதிய கதைக்களத்தை உருவாக்குபவர்கள் டன், நீளம், கனஅளவு ஆகியவற்றில் ஒன்றை எண்ணாகக் குறித்து, பெயரை அந்நாட்டுக் கடற்படை எப்பணிக்கு அக்கப்பலைக் கட்டியது என்பதிலிருந்து எடுத்தால் இரண்டு பயன்களும் கிடைக்கின்றன. உப்பு விற்று நெல் ஏற்றிவந்த பஃறிக்கும் மீனவரின் திமிலுக்கும் பெயர் அமைந்தது இரண்டாவது முறையில்தான்.